ஜன்னலைச் சாத்திக்கொண்டு பெயிண்ட் அடித்த ஞாயிற்றுக்கிழமை

போன வருடம் மழையெல்லாம் ஓய்ந்து, பொங்கல் முடிந்திருந்த சமயம். பள்ளிக்கரணையில் நாங்கள் இருக்கும் பழைய அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடியில், என் சொந்த சமையலறையில்தான் இது நடந்தது.

என் கணவருக்கு வீசிங். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அது இன்னும் அதிகமாகிவிட்டது. ஈரக்காற்று பட்டால் போதும், நெஞ்சு கீச்சுக் கீச்சென்று இழுக்கும். அவர் மூச்சு எப்படிப் போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டே படுத்திருப்பது எனக்குப் பழகிப்போன வேலை. விடிந்தால் சமையல், பிறகு பஸ்ஸைப் பிடித்துத் தாம்பரத்தில் ஆபீஸ், திரும்பி வந்தால் மறுபடி அதே அடுப்பு. பிள்ளை வெளிநாட்டில். அசதி, அசதி, அப்படி ஒரு அசதி. யாரிடம் சொல்வது?

அந்த வருட மழையில் சமையலறை அலமாரிக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. கடப்பா கல் தட்டுகளுக்கு மரச்சட்டமும் கதவும் போட்ட அந்தக் காலத்து அலமாரி. பெயிண்ட் உரிந்து, உள்பக்கம் கறுப்புக் கறுப்பாகப் பூத்திருந்தது. இவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர், முதலில் அதை ஒழித்துக்கட்டுங்கள், இல்லாவிட்டால் நான் எத்தனை மருந்து கொடுத்தும் பிரயோஜனமில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார். கார்ப்பென்டரைக் கூப்பிட்டேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாத்தையும் பேத்துட்டு மாடுலர் கிச்சன் போட்டுடலாம் மேடம் என்று ஒரு தொகை சொன்னார். எனக்கே வீசிங் வந்துவிடும் போலிருந்தது.

சரி, நாமே பெயிண்ட் அடித்துவிடுவோம் என்று இறங்கினேன். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரம்மா ஆடாமல் அசங்காமல், வெள்ளை சட்டையில் ஒரு சொட்டுக்கூடப் படாமல், பாட்டு வேறு போட்டுக்கொண்டு அலமாரி முழுக்க அடித்து முடித்தாள். அவளுக்கென்ன, அந்த ஊரில் கொசு இருக்கிறதா, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? நம் வீட்டுக் கதவில் வருஷக்கணக்கான தாளிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. சோடா உப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் தோள்பட்டையே கழன்றுவிட்டது. அப்புறம் உப்புத்தாள், அப்புறம் பட்டி, அப்புறம் பிரைமர். ஆபீஸிலிருந்து வந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். தூசி கிளம்பும்போதெல்லாம் இவரை மொட்டை மாடிக்கு விரட்டிவிடுவேன்.

மிச்சமிருந்தது எனாமல் பெயிண்ட். அந்த வாடை இவருக்குச் சுத்தமாக ஆகாது. அதனால் சனிக்கிழமை காலையே குரோம்பேட்டையில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். திங்கள்கிழமை வந்தால் போதும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். கதவுகளைக் கழற்றி பால்கனியில் வைத்து அடித்தேன். சட்டத்தையும் உள்பக்கத்தையும் மட்டும் சமையலறைக்குள்ளேயே அடிக்க வேண்டும். சிலிண்டரைக்கூட பால்கனிக்கு உருட்டிக்கொண்டு போய் வைத்துவிட்டேன். நான் எவ்வளவு ஜாக்கிரதையானவள் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர் ஃப்ளாட் அக்கா வந்து பெல் அடித்தார். எங்கள் இரண்டு சமையலறைகளுக்கும் பின்னால் காற்று போக ஒரே டக்ட்தான். செருப்பு ஸ்டாண்டை எங்கே வைப்பது என்பதில் ஆரம்பித்து எங்களுக்குள் ஏற்கெனவே முகம் கொடுத்துப் பேச்சில்லை. "எங்க வீட்ல விருந்தாளிங்க வராங்க. பிரியாணிக்கு தம் போட்டா பெயிண்ட் நாத்தம்தான் வருது. உங்க எக்ஸாஸ்டை நிறுத்துங்களேன்" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. நிறுத்தினேன். அதோடு விட்டேனா? டக்ட் பக்க ஜன்னலையும் படாரென்று அவர் காதில் விழுகிற மாதிரி சாத்தினேன்.

மத்தியானம் பார்த்தால் என் கணவர் வாசலில் நிற்கிறார். கையில் பை. ஒரு நாள் முன்னாடியே வந்து நிற்கிறாரே! கேட்டால், அங்கே டிவி ரிமோட்டையே தர மாட்டேங்கிறாங்க என்கிறார். நீ தனியா கஷ்டப்படறியே என்று சொல்ல வாய் வராது, அந்த மனுஷனுக்கு. தலையில் அடித்துக்கொண்டு, அவரை பெட்ரூமுக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். சமையலறைக் கதவையும் சாத்தி, வாடை கசியாமல் இருக்க ஈரத் துண்டைச் சுருட்டி அடியில் திணித்தேன்.

பொழுது சாய்ந்ததும் கொசு வந்தது. சதுப்பு நிலத்தை ஒட்டிய எங்கள் ஏரியா கொசுவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடித்து முடித்த பெயிண்டில் எள் தூவினாற்போல் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. வராண்டா பக்கம் திறந்திருந்த இன்னொரு ஜன்னலையும் சாத்தினேன். சிங்க்குக்குக் கீழே இருக்கும் தட்டுதான் பாக்கி, பூஞ்சை அதிகம் இருந்த இடமே அதுதான். தரையில் உட்கார்ந்து, தலையை உள்ளே விட்டு அடிக்கத் தொடங்கினேன். பெயிண்ட் கெட்டிப்பட்டதால் தின்னரைத் தாராளமாக ஊற்றிக் கலக்கினேன்.

தலை வலித்தது. சாப்பிடாததால் என்று நினைத்தேன். குமட்டியது. அசதி என்று நினைத்தேன். எனக்கு எது வந்தாலும் அசதி என்று நினைத்துத்தான் பழக்கம். காதருகே ஒரு கொசு ரீங்காரமிட்டதும், பக்கத்தில் வைத்திருந்த கொசு பேட்டைக் கையில் எடுத்தேன். தின்னர் டப்பா என் முழங்கால் பக்கத்தில் திறந்தே இருக்கிறது. பட்டனை அமுக்க வேண்டும் என்று தெரிகிறது, விரல் எழும்பவில்லை. என் கையை நானே வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம்தான் எதிர் ஃப்ளாட் அக்கா மறுபடி பெல் அடித்திருக்கிறார். கதவைத் திறந்தது என் கணவர். அவர் என்னைக் கூப்பிட்ட சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது, பதில் சொல்லத் தோன்றவில்லை. துண்டு திணித்த கதவைத் தோளால் மோதித் திறந்துகொண்டு உள்ளே வந்தவர், வாடை பட்டதும் இருமிக்கொண்டே என் அக்குளில் கைகொடுத்து இழுத்தார். பின்னாலேயே வந்த அந்த அக்கா என் கையைப் பார்த்துவிட்டு, "யா அல்லாஹ்! பேட்டை விடுங்க, முதல்ல அதை விடுங்க!" என்று அலறினார். பிடுங்கி ஹாலில் வீசினார். இரண்டு பேருமாக என்னைத் தரதரவென்று வெளி வராண்டாவுக்கு இழுத்து வந்தார்கள். அந்தத் தின்னர் ஆவிக்கு பேட்டிலிருந்து ஒரு பொறி போதும், மூன்று பேருமே போயிருப்போம்.

எனக்குக் காற்று பட்டு நிதானம் வந்தபோது, மாடிப்படியில் என் கணவர் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அன்று எனக்கு ஏற்பட்ட பயம் இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். பத்து நாளாக யாருடைய மூச்சுக்காக மாங்கு மாங்கென்று தேய்த்தேனோ, அந்த மூச்சு என்னால் நிற்கப் பார்க்கிறது. நான் ஓவென்று அழுதேன். அக்கா பேசிக்கொண்டிருக்கவில்லை. தன் மாமியாருக்கு வாங்கி வைத்திருந்த நெபுலைசரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இவரைத் தன் வீட்டு ஹாலில் உட்கார வைத்து, இவர் மருந்தைப் போட்டு, மூச்சு சீராகும்வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். வந்த விருந்தாளிகள் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். அப்புறம் ஆட்டோ வைத்து டாக்டரிடம் போனோம். இரண்டு பேருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை என்றார். ஆனால் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே!

மறுநாள் அக்காவிடம், சாயந்திரமும் சண்டை போடத்தானே வந்தீங்க என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "வாடை வந்தப்போ திட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். சுத்தமா வாடையே நின்னதும்தான் பயம் வந்துச்சு. எல்லாத்தையும் மூடிக்கிட்டு உள்ள எப்படி இருக்காங்கன்னு மனசு கேக்கல" என்றார்.

சிங்க்குக்குக் கீழே இருந்த தட்டை, பிறகு ஒரு காலை வேளையில், எல்லா ஜன்னலையும் திறந்து வைத்து, எதிர் ஃப்ளாட் அக்காவின் கணவர்தான் அடித்துக் கொடுத்தார். பூஞ்சை போய்விட்டது. என் கணவருக்கு வீசிங் முழுசாகப் போகவில்லை, அது போகாது. என் ஓட்டமும் நிற்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் தலை வலித்தால் தலை வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். அவர் மூச்சுக்குக் காவல் இருப்பது மட்டும்தான் என் வேலை என்று நினைத்திருந்த எனக்கு, என் மூச்சும் நின்றுபோகக் கூடியதுதான் என்பதும், அதற்கும் பதறி ஓடி வர ஆள் இருக்கிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது.