மாப்பிள்ளையை எழுப்பும் பெட்டி

என் அக்காவுக்கு நீச்சல் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். நான்தான் முதலில் சிரித்தேன். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்ட பெண், தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட மூக்கைப் பிடித்துக்கொள்கிறவள், பொது நீச்சல் குளத்தில் போய் இறங்கப் போகிறேன் என்றால் வேறென்ன செய்வது?

"சிரி, நல்லா சிரி. நாள் முழுக்க அனல் முன்னாடி நிக்கிறவ நான். ஒரு தடவையாவது தண்ணிக்குள்ள ஹாயா கெடக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?" என்றாள். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவின் வேலை பற்சக்கரங்களைக் காய்ச்சிக் கடினமாக்கும் பட்டறையில். லேத்தில் கடைந்து வரும் சக்கரங்களை மின் உலைக்குள் அடுக்கி, சூட்டில் ஊறவிட்டு, பிறகு எண்ணெயில் அமுக்கி எடுப்பாள். ஊறும் நேரம் கூடினாலும் வீண், குறைந்தாலும் வீண். அந்த உலைக்குப் பட்டறையில் மாப்பிள்ளை என்று பெயர். பெயர் பொருத்தமானதுதான். மெதுவாக எழுப்ப வேண்டும். அவசரப்படுத்தினால் உள்ளே செங்கல் விரிசல் விட்டு முறுக்கிக்கொள்ளும். விடிவதற்கு முன் ஒருவர் போய் சுவிட்சைப் போட்டால்தான் மற்றவர்கள் வேலைக்கு வருவதற்குள் சூடு ஏறியிருக்கும். அந்த ஒருவர் என்றைக்கும் என் அக்காதான். என் கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளையை எழுப்பிவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தாள், புதுப்புடவையில் எண்ணெய் வாசனையோடு. என் மாப்பிள்ளை அப்போது குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பெண்களுக்கான நீச்சல் வகுப்பும் அதே விடியற்காலையில்தான் நடந்தது. நீச்சல் டீச்சர் கறாரான ஆள். "முதல் நாளே வரலைன்னா பேரை அடிச்சிடுவேன். இடம் கேட்டு நிறைய பேர் நிக்கிறாங்க" என்று சொல்லித்தான் அக்காவின் பெயரை எழுதிக்கொண்டாள்.

அந்தச் சமயம் பார்த்துப் பட்டறையில் உலையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் பழைய கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டியிருந்தார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி, முகத்தில் சிவப்பு எண்கள், கீழே சில பொத்தான்கள். அதற்குள் டைமர் இருப்பதைக் கண்டதும் அக்கா கையேட்டை வீட்டுக்குத் தூக்கி வந்து அடுப்படியில் நின்றே படித்தாள். அன்று இரவுச் சாப்பாடு அடிப்பிடித்துவிட்டது. அந்த டைமரை இரண்டு விதமாக வைக்கலாமாம். ஒன்று, சொன்ன நேரம்வரை சும்மா இருந்துவிட்டு உலையைத் தானாகத் தொடங்கும். இன்னொன்று, உடனே தொடங்கி, சொன்ன நேரம்வரை சூட்டில் வைத்திருந்து, பிறகு தானாக அணைத்துவிடும். முதல் விதத்தை மாலையில் வைத்துவிட்டு வந்தால், விடியற்காலையில் மாப்பிள்ளை தானே எழுந்துகொள்வார்.

முதலாளி யோசித்துவிட்டுத் தலையாட்டினார். சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்க வேறொரு காவல் கருவி உலையில் ஏற்கெனவே இருந்தது. "எனக்கென்னம்மா, நீ எழுப்பினாலும் சரி, பெட்டி எழுப்பினாலும் சரி. ஆள் வர்றப்போ சூடா இருக்கணும். ஒரு நாள் ஆறிக் கெடந்தாலும் அப்புறம் பழையபடி நீதான் வரணும்" என்றார். ஆக, அக்காவின் நீச்சல் முழுவதும் அந்தப் பெட்டியின் கையில் இருந்தது.

வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய மாலை நானும் அவளோடு பட்டறைக்குப் போனேன். எல்லோரும் கிளம்பிவிட்டிருந்தார்கள். அக்கா பெட்டியின் பொத்தான்களைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறவள்போல் அழுத்தினாள். "முடிஞ்சுது. வா" என்று கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தெருமுனைக்குப் போன பிறகுதான் சாப்பாட்டு டப்பாவை மறந்தது ஞாபகம் வந்தது. திரும்பினோம். டப்பாவை எடுத்தவளின் இன்னொரு கை, பழக்கதோஷம், உலைக் கதவருகே போனது. அப்படியே நின்றாள்.

"ஏய், ஆற வேண்டியது ஏன்டி சூடு ஏறுது?"

சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. அவள் இரண்டாவது விதத்தில் வைத்துவிட்டிருந்தாள். பகலெல்லாம் சக்கரங்களை ஊறவிட்டு அணைக்கும் வேலைக்கு அந்த விதம்தான். புதுப்பெட்டி வந்த நாளிலிருந்து விரல்கள் அதையே அழுத்திப் பழகியிருந்தன, இன்றும் அங்கேதான் போயிருந்தன. மாப்பிள்ளையை இரவெல்லாம் கண்விழிக்க வைத்து, விடிந்ததும் படுக்கச் சொல்லியிருந்தாள் மகராசி.

அவள் முகம் செத்துவிட்டது. டப்பாவை மட்டும் மறக்காமல் இருந்திருந்தால்! இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு யார் முதலில் தொடங்கினோமோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். "எல்லாம் இந்தக் கை பண்ற வேலை" என்று தன் கைக்குத் தானே ஓர் அடி போட்டாள்.

"இந்தத் தடவை வாயால சொல்லிக்கிட்டே வைக்கிறேன். நீ கேட்டுக்கிட்டே இரு. முதல்ல காத்திரு, அப்புறம் தொடங்கு. அடுத்தது, நிமிஷக் கணக்கு இல்ல, மணிக் கணக்கு. சரியா?"

"எனக்கென்ன தெரியும்?"

"தெரிய வேணாம். சரின்னு சொல்லு."

சரி என்றேன். ஆனாலும் அவளுக்கு மனது ஆறவில்லை. முதலில் கொஞ்ச நேரம் மட்டும் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்றாள். இருவரும் முக்காலியில் நெருக்கி உட்கார்ந்து எண்கள் குறைவதைப் பார்த்தோம். பூஜ்யம் வந்ததும் உள்ளே 'டக்' என்றது. விளக்கு எரிந்தது. நான் கை தட்டினேன். ஒரு சுவிட்சுக்குக் கை தட்டுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. பிறகு அணைத்து, விடியற்காலைக்குச் சரியாக வைத்தாள்.

"காலையில நீ வந்து பார்த்துடு. விளக்கு எரியலைன்னா கையால போட்டுடு" என்றாள்.

"நானா? வாட்ச்மேன் இருக்காரே?"

"அவர்கிட்ட கடல் எரியுதான்னு கேட்டாலும் ஆமாம்பாரு."

சூரியன் உதிப்பதை நான் பார்த்தவள் அல்ல. உச்சிக்கு வந்த பிறகுதான் எங்களுக்குள் அறிமுகம். இருந்தும் மறுநாள் இருட்டோடு எழுந்து பட்டறைக்குப் போய் அந்தப் பெட்டிக்கு எதிரே நின்றேன். எண்கள் குறைந்துகொண்டே வந்தன. எனக்குப் பயமாக இருந்தது. ஒரு விரலைக் கைச்சுவிட்சின் மேல் தயாராக வைத்திருந்தேன். 'டக்.' விளக்கு எரிந்தது. சூடு ஒவ்வொரு எண்ணாக ஏறத் தொடங்கியது. மாப்பிள்ளைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினேன். நான் ஓடினேன் என்றால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் நம்புவதில்லை.

குளத்தில் பெண்கள் வரிசையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். "இப்ப கையை விடுங்க. நான் பிடிச்சுக்கறேன்" என்று டீச்சர் ஒவ்வொருவராக மிதக்கவிட்டுக்கொண்டு வந்தாள். அக்காவின் முறை வந்தது. அவள் கம்பியை விடவில்லை. கண் வாசலிலேயே இருந்தது.

"அக்கா! மாப்பிள்ளை எழுந்துட்டாரு! சூடு ஏறுது!" என்று கத்தினேன்.

"ஐயையோ, காய்ச்சலா?" என்றாள் பக்கத்திலிருந்த அம்மாள்.

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே இரண்டு கையையும் விட்டுவிட்டாள். ஒரு முழுக்குப் போய், தண்ணீர் குடித்து, தும்மி, மேலே வந்தாள். டீச்சர் முதுகுக்குக் கீழே கை கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டாள். அக்காவுக்கு அது தெரியவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து கிடந்தாள், மூக்கைக்கூடப் பிடிக்காமல். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

கரையோரம் வந்ததும் என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு நீ எழுந்திரிக்க வேணாம்டி" என்றாள். "நல்லாத் தூங்கு. அவரே எழுந்துக்குவாரு."