மதிய உணவு நேரத்தில் பெண்கள் அமர்வு

இணையத்தில் எல்லாரும் காசு கொடுக்காமல் படிக்கிற கலைக்களஞ்சியத்தை யாரோ சிலர் காசு வாங்காமல்தான் எழுதுகிறார்கள். அந்த யாரோ சிலரில் நானும் ஒருத்தி. பகலில் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை. பண்டமாரானில் இருக்கிற வீட்டுக்கு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி முடித்த பிறகு ஆறுகள், பாலங்கள், மீன் வகைகள் பற்றிக் கட்டுரை எழுதுவேன். வருடத்துக்கு ஒரு முறை எங்களைப் போன்றவர்கள் எல்லாம் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம் பிடித்து மாநாடு நடத்துவோம். நாலு பேரோடு பழகத்தான் மாநாடு என்பார்கள். நான் அங்கே அதிகம் பழகியது சாப்பாடு கொண்டுவருகிறவரோடு.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பெண்களை எழுத வரவழைப்பது பற்றிய அமர்வு காலையில், பெரிய மண்டபத்தில் நடக்க வேண்டும். ஆனால் அது ஒவ்வொரு வருடமும் மதிய உணவு நேரத்தில், மாடி அறையில்தான் போய் விழும். எந்தக் கூட்டத்துக்காவது நீங்கள் சாப்பாட்டுப் பொறுப்பு ஏற்றிருந்தால், அந்த நேரத்தில் நான் எங்கே இருந்திருப்பேன் என்று சொல்லவே வேண்டாம்.

அண்ணனைத் தேடி வந்தவர்

எங்கள் உலகத்தில் சொந்தப் பெயருக்கு மதிப்பில்லை. எல்லாருக்கும் ஒரு பயனர் பெயர் உண்டு. என்னுடையது 'துறைமுகம்'. ஈப்போவில் இருக்கும் ஒரு தம்பி என் கட்டுரைகளில் பிழை பார்ப்பார், நான் அவருடையதில் பார்ப்பேன். 'நன்றி அண்ணே', 'மன்னிச்சிருங்க அண்ணே' என்று எனக்கு எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் மரியாதை வழியும். ஓர் ஆற்றின் நீளத்தைப் பற்றிப் பேசும்போது நான் ஆணா பெண்ணா என்பது எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். சோம்பல் என்றும் சொல்லலாம்.

ஒரு மாநாட்டில், வாசலில் பெயர் அட்டை கொடுக்கிற மேசையில் நான் நின்றுகொண்டிருந்தேன். அந்தத் தம்பி வந்தார். துறைமுகம் அண்ணனை முதலில் பார்க்க வேண்டும், அவருக்காகவே பஸ் ஏறி வந்ததாகச் சொன்னார். என் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினேன். அதில் 'துறைமுகம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தம்பி அதைப் படித்தார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு எல்லாம் புரிந்துவிட்ட முகத்தோடு கேட்டார்: "ஓ, அண்ணனோட அக்கவுண்ட்ட நீங்கதான் பாத்துக்குறீங்களா அக்கா?"

கனமான கதவு

எந்த அமர்வு எப்போது, எங்கே என்று முடிவு செய்கிறவர் நிகழ்ச்சிநிரல் பொறுப்பாளர். சுபாங் ஜெயாவில் இருக்கும் பிரகாஷ்தான் வருடா வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

ஒரு வருடம் பெண்கள் அமர்வில் பேச நான்கு பேரைப் போட்டிருந்தார். நால்வரும் ஆண்கள். கேட்டதற்கு, நடத்தப்போவது நீங்கள்தானே என்று எனக்குச் சமாதானம் சொன்னார். மைக்கை வாங்கி வணக்கம் சொல்லியிருப்பேன், கைப்பேசி அடித்தது. சாப்பாட்டு லோரி கீழே வந்து நிற்கிறது, லிஃப்ட் ஓடவில்லை. மைக்கைப் பிரகாஷிடமே கொடுத்துவிட்டு இறங்கினேன். பிரியாணிப் பாத்திரங்களைப் படி வழியாக ஏற்ற வேண்டியதாயிற்று. அமர்வு நடந்த அறையைத் தாண்டித்தான் சாப்பாட்டுக் கூடம். நடுவில் தானாகவே மூடிக்கொள்கிற கனமான கதவு ஒன்று. பாத்திரம் தூக்குகிறவர்களுக்காக அதை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பிரகாஷ் மைக்கில் வருத்தப்பட்டுப் பேசுவது நன்றாகக் கேட்டது: "பொம்பளைங்க ஏன் வரமாட்டேங்குறாங்கன்னுதான் தெரியல. நாங்க யாரையும் தடுக்கல லா. கதவு எப்பவும் தொறந்துதான் இருக்கு."

குழந்தைகள் அறை

மேரி, கேரி தீவில் இருக்கும் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டு நானே தேடிப் பிடித்து, கெஞ்சி மாநாட்டுக்குக் கூப்பிட்டேன். கணவருக்கு ஷிப்ட் வேலை, சின்னப் பெண்ணை விட்டுவர ஆளில்லை என்றார். செயற்குழுவில் பேசி, குழந்தைகளுக்கென்று ஓர் அறை கேட்டேன். யாருமே மறுக்கவில்லை. கதவில் பலூன் படம்கூட ஒட்டினார்கள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மேரி, மகள், கலர் பென்சில் பெட்டி மூவரையும் அழைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். தரை முழுக்க இளைஞர்கள் மடிக்கணினியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கட்டடத்திலேயே அந்த அறையில்தான் பிளக் அதிகமாம். இது குழந்தைகள் அறை என்று கதவைக் காட்டினேன். ஒருவர் எழுந்து வந்து, பலூன் படத்தைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றார். அப்புறம் மேரியிடம் மிகவும் பணிவாகச் சொன்னார்: "ஆன்டி, பாப்பாவக் கொஞ்சம் வெளிய வச்சுக்குங்களேன். உள்ள எல்லாருக்கும் சார்ஜ் ஏறுது."

தேநீர் இடைவேளையில் ஒரு பாராட்டு

எங்கள் கலைக்களஞ்சியத்தில் யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதிவிட முடியாது. அவர் குறிப்பிடத்தக்கவராக இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் இருக்கும் ஒவ்வொரு டோல் சாவடியும் குறிப்பிடத்தக்கது. தனித்தனிக் கட்டுரை இருக்கிறது. மேரி, தோட்டத்துப் பெண்களைச் சேர்த்துச் சங்கம் தொடங்கிய ஓர் அம்மாவைப் பற்றி எழுதினார். பழைய பத்திரிகைச் செய்தி, கோயில் மலர், அந்த அம்மாவோடு வேலை செய்தவர்கள் சொன்னது என்று ஆதாரம் சேர்க்கவே மாதக்கணக்கில் அலைந்திருந்தார். கட்டுரையைப் போட்ட வாரமே நீக்கிவிட்டார்கள். அந்த அம்மா போதிய அளவுக்குக் குறிப்பிடத்தக்கவர் இல்லையாம். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

அதே மாநாட்டில், தேநீர் இடைவேளையில், மேரி ஒரு ஓரமாக மகளுக்குப் பிஸ்கட் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரகாஷ் கப்போடு நேராக அவரிடம் வந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்து நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். பிரகாஷ் மனம் திறந்து சொன்னார்: "உங்க கட்டுரைய டிலிட் பண்ணது நான்தான், மனசுல வச்சுக்காதீங்க. ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க."

பெண்கள் பெட்டி

எங்கள் மாநாட்டில் பெண்கள் உண்மையிலேயே பேசிப் பழகுகிற இடம், கேஎல் சென்ட்ரலில் இருந்து கிள்ளான் போகிற ரயிலின் பெண்கள் பெட்டி. பிள்ளையைக் கூப்பிட வேண்டும், இரவுச் சமையல் இருக்கிறது என்று கடைசி அமர்வுக்கு முன்பே ஓடிவந்து ஏறிவிடுவோம். அந்த வருடம் மேரியும் மகளும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஷா ஆலம் தாண்டியதும், "இதுதான் கடைசி அக்கா. எனக்கு அங்க இடமில்ல" என்றார். மகள் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூப்பிட்டு வந்ததே நான்தானே. பெண்கள் அமர்வு காலையில் நடந்தால் வருவாயா என்று கேட்டேன். நடக்கட்டும், பார்க்கலாம் என்றார்.

அடுத்த மாநாட்டுக்கு யார் எந்த வேலை என்பதைக் கடைசி அமர்வில், மண்டபத்தில் இருப்பவர்களே கைதூக்கி முடிவு செய்வது எங்கள் வழக்கம். நாங்கள்தான் அந்த நேரத்தில் ரயிலில் இருப்போமே. கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே என் கைப்பேசியில் பிரகாஷின் செய்தி வந்தது, இரண்டு பூங்கொத்துப் படத்தோடு: "வாழ்த்துகள் அக்கா! அடுத்த வருசமும் சாப்பாடு நீங்கதான். ஒருமனதா முடிவு பண்ணிட்டோம்."

கடைசி அமர்வு

மறு வருடம் மேரியை இன்னொரு தடவை கெஞ்சினேன். பேச வேண்டாம், கேட்க வேண்டாம், கடைசி அமர்வு முடியும்வரை உட்கார்ந்திருந்தால் போதும் என்றேன். மற்றப் பெண்களிடமும் அதையே சொன்னேன். பிள்ளைகளைக் கணவன்மாரிடமும் தங்கச்சிமாரிடமும் ஒப்படைத்துவிட்டு எல்லாரும் இருந்தார்கள். ஆண்களில் முக்கால்வாசிப் பேர் வழக்கம்போல, அது வெறும் சடங்குதானே என்று தே தாரேக் டீ குடிக்கக் கீழே மாமாக் கடைக்கு இறங்கிவிட்டார்கள். இந்தத் தடவை பிரகாஷும்தான்.

தலைவர் கணேசன் அங்கிள் ஓய்வுபெற்ற விரிவுரையாளர். விதி என்றால் விதி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மண்டபத்தை மறுபடி பார்த்தார். நிகழ்ச்சிநிரலுக்கு யார் என்று கேட்டார். நான் மேரியின் பெயரைச் சொன்னேன். மேரி என் கையைக் கிள்ளினார். ஆனால் முடியாது என்று சொல்லவில்லை. எல்லாக் கையும் உயர்ந்ததைப் பார்த்து, தன் கையையும் தூக்கிவிட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அடுத்து, சாப்பாட்டுக்கு யார்? பின்வரிசையில் இருந்து பிரகாஷ் என்று ஒரு குரல். ஆள் இங்கே இல்லையே என்றார் அங்கிள். இத்தனை வருடம் நானும் இருந்ததில்லை, அங்கிள், என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, விதிப்படி சரிதான் என்று எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பிரகாஷ், பிளாஸ்டிக் பையில் கட்டிய, ஐஸ் போட்ட தே ஆயிஸ் டீயைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னோம். உறிஞ்சுகுழல் வாயிலிருந்து நழுவியது. "அது எப்படி லா? ஆள் இல்லாதப்ப ஒரு வார்த்த கேக்காம நீங்களே முடிவு பண்ணுவீங்களா?"

அடுத்த மாநாட்டில் பெண்கள் அமர்வு காலையில், பெரிய மண்டபத்தில் நடக்கும், நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பிரியாணி எப்போது வரும் என்று கேட்க நினைப்பவர்கள் தயவுசெய்து பிரகாஷைக் கேட்டுக்கொள்ளவும்.