ஜன்னலுக்கு ஒரு கை

லட்லோ பண்ணை வீட்டின் சமையலறை ஜன்னலைக் கடக்கும்போது மேவிஸ் டிரான்டர் வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்குவாள். நடையைக் குறைக்க மாட்டாள். உள்ளே பெரியவர் லட்லோ தேநீர்க் கோப்பையைத் தூக்குவார். இருபத்தாறு வருஷமாகக் காலை ஒன்பதே காலுக்கு இப்படித்தான். பேச்சு என்று ஒன்று கிடையாது.

அந்த ஜன்னலை ஒட்டிய ஒற்றையடிப் பாதை பண்ணை வயலோரமாகப் போய் ஊர் மன்றத்தின் பின்வாசலில் முடியும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஊரார் தாங்களே செங்கல் அடுக்கிக் கட்டிய மன்றம் அது. கடையும் பள்ளிக்கூடமும் மூடிய பிறகு லிட்டில் மார்டிங் கிராமத்துக்கு எல்லாமே அதுதான். புதன்கிழமை தபால் வண்டி, வியாழக்கிழமை நர்ஸ், வாரம் இரண்டு தடவை பஸ், எல்லாம் அங்கேதான் வரும். மன்றத்தைக் கூட்டித் துடைத்து, தேநீருக்கு வெந்நீர் போடுவது மேவிஸின் வேலை. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

லட்லோ காலமான பிறகு பண்ணையை வாங்கிய பாஸ்கோ, வந்த மாதமே பாதையில் கம்பி கட்டி, தனியார் இடம் என்று பலகை மாட்டினார். மேவிஸ் தார்ச் சாலையைச் சுற்றி ஒரு மைல் நடந்தாள். ஓரத்தில் ஒதுங்க இடமில்லாத வளைவு அது. ஒரு மழைநாளில் லாரி ஒன்று அவள் தொப்பியை உரசிக்கொண்டு போனது. இன்னொரு குளிர்காலம் தாங்காது, வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

இருபது வருஷம் யாரிடமும் கேட்காமல் ஜனங்கள் நடந்த பாதை ஜனங்களுடையது என்பது சட்டம். நிலத்துக்காரர் அனுமதியோடு நடந்திருந்தால் செல்லாது. பாதையைத் திறக்கக் கேட்டு ஊராட்சி மனுப் போட, விசாரணைக்கு அதிகாரி மன்றத்துக்கே வந்தார். ஊராட்சி எழுத்தர் நோரீன் முந்தின நாளே இதைச் சொல்லி எல்லோரையும் எச்சரித்திருந்தாள். ஆனாலும் மரியாதை தெரிந்த ஊர் அல்லவா? மதுக்கடை டெரெக் எழுந்ததும், "லட்லோ தங்கமான மனுஷன்யா. தாராளமா போங்கப்பான்னு வாய் நிறையச் சொல்வார்" என்றான்.

பாஸ்கோவின் வக்கீல் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். நோரீன் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

அடுத்து மேவிஸ். பத்துப் பேர் முன்னால் பேசியே பழக்கமில்லாதவள். நாற்காலி முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள். தினமும் ஜன்னலைப் பார்த்துக் கை தூக்கினீர்களாமே, அது அனுமதி கேட்டதுதானே என்றார் வக்கீல்.

"இல்லீங்க. அனுமதி கேக்கிறவ பதிலுக்கு நிப்பா. நான் நின்னதே இல்ல."

"அப்போ எதுக்குக் கை?"

மேவிஸ் தரையைப் பார்த்தாள். காலையில் அவளே துடைத்த தரை.

"தனியா இருக்கிற மனுஷர். நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க எப்படின்னு கேக்கிறது. அவர் கோப்பையைத் தூக்கினா, அவரும் நல்லா இருக்கார். பிப்ரவரியில ஒருநாள் தூக்கல. அன்னைக்குத்தான் முதல் தடவையா அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கல. ஆம்புலன்ஸுக்குச் சொன்னதே நான்தான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அதற்கு முன்னால் அந்த வாசலுக்குப் போனதே இல்லையா என்று கேட்டார்.

"எதுக்குங்க போகணும்? என் பாட்டுக்கு நடந்துட்டிருந்தேன்."

பின்வரிசையில் டெரெக் நோரீனிடம், "அனுமதின்னு சொன்னா கெட்டுப்போகும்னு எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல கண்ணு" என்று முணுமுணுத்தான். வெளியே வந்த பிறகு நோரீன் அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

தீர்ப்பு வர எட்டு மாதம் ஆனது. லட்லோ டெரெக்கிடம் சொன்னது டெரெக்குக்கு மட்டும், மேவிஸைப் போல மற்றவர்கள் யாரையும் கேட்காமல்தான் நடந்திருக்கிறார்கள் என்று அதிகாரி எழுதியிருந்தார்.

இப்போது கம்பி இல்லை. வயல் முனையில், பொதுப்பாதை என்று காட்டும் மஞ்சள் அம்புக்குறி போட்ட கம்பம் நிற்கிறது. மேவிஸ் ஒன்பதே காலுக்கு அந்த வழியாக வேலைக்குப் போகிறாள், ஜன்னலைப் பார்த்துக் கை தூக்குகிறாள். பாஸ்கோ இதுவரை பதிலுக்குக் கை தூக்கவில்லை. அவர் மனைவி சில நாள் தூக்குகிறாள்.