சோறு மறுத்த வீடுகள்

துமினா மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். தள்ளுவண்டியில் பக்சோ என்னும் இறைச்சி உருண்டை சூப் விற்றே சோலோ சாலையில் மூன்று பக்சோ கடைகளுக்கு முதலாளியானாள். யாரும் தூக்கிவிடவில்லை, அவளும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. அவள் ஊரான கராங்லோவில் எந்த வீட்டில் இறந்தவர் பேரில் ஓதிக் கந்தூரி கொடுத்தாலும் அடுப்பு அவள் பொறுப்பு. ஓதி முடித்ததும், வராதவர் வீட்டுக்கும் சோற்றுப் பெட்டி போய்ச் சேர்ந்தாக வேண்டும். அது ஊர் வழக்கம்.

இரண்டு வருஷமாகச் சில வீடுகளிலிருந்து பெட்டி அப்படியே திரும்பி வந்தது. செங்கல் சூளைப் பக்கம் வாடகைக்கு வந்த ஜாத்மிகோ நடத்திய மத வகுப்புக்குப் போன இளைஞர்கள், செத்தவர் பேரில் ஓதிய சோறு ஆகாது என்றார்கள். கைப்பேசி பழுது பார்க்கும் இம்ரோனும் அதில் ஒருவன். துமினாவின் சொந்த மருமகன். அவன் பெட்டியைத் திருப்பிக்கூட அனுப்பாமல், மாமியார் ஆக்கிய சோற்றைக் கோழிக்குப் போட்டான். "கோழியாவது கொழுக்கட்டும்" என்று சொல்லி, துமினா அடுத்த கந்தூரிக்கும் அனுப்பிவைத்தாள்.

அப்புறம் நகரத்துக் காவல் சாவடியில் குண்டு வெடித்தது. சோறு மறுத்தவர்கள்மேல் சந்தேகப்பட்டு, இன்ஸ்பெக்டர் சிஹோம்பிங் ஆட்களோடு நேரே அவள் கடைக்குத்தான் வந்தார். ஊராரைப் போல அவரும் அவளை 'இபு', அம்மா என்றே கூப்பிட்டார்.

"இபு, எந்தெந்த வீட்டுலேர்ந்து பெட்டி திரும்பி வருதுன்னு சொல்லுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

"என்ன பாத்துப்பீங்க?"

"எல்லாரையும் அள்ளிட்டுப் போய் விசாரிப்போம். தப்பு பண்ணாதவன் திரும்பி வந்துடப் போறான்."

"முன்னாடி நீங்க அள்ளிட்டுப் போன தச்சன் மகனும் திரும்பித்தான் வந்தான், ஐயா. போகும்போது வெறும் தாடிதான் இருந்துச்சு. நீங்க விசாரிச்ச விசாரணையில வரும்போது வெறியும் சேந்து வந்துச்சு. இப்ப அவன் எங்கன்னு பெத்தவளுக்கே தெரியாது."

"உங்க மருமகன் பேரும் அடிபடுது. மறைச்சா நீங்களும் வண்டி ஏறணும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கரண்டிகள் நின்றன. துமினா முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"ஏறிட்டாப் போச்சு. முன் சீட்டு குடுங்க, பின்னாடி உக்காந்தா எனக்குக் கொமட்டும். என் சோத்தக் குத்தம் சொல்றவன் தீவிரவாதின்னா, முதல்ல என் வீட்டுக்காரரைப் பிடிங்க. கட்டின நாள்லேர்ந்து உப்பு ஜாஸ்திங்கறார். வெடிமருந்து எவன்கிட்ட இருக்குன்னு கேளுங்க, தெரிஞ்சா நானே வந்து சொல்றேன். எவன் சாப்பிடலன்னு கேட்டீங்கன்னா, வாயத் திறக்க மாட்டேன்."

கடையில் சிரிப்பு வெடித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "நாளைக்கு வருவேன். நீங்க சொல்லலன்னாலும் அள்ளுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சேதி கேட்டு அரை மணி நேரத்துக்குள் இம்ரோன் கடையின் பின்வாசலில் வந்து நின்றான்.

"என்னைக் காப்பாத்தச் சொல்லி நான் கேக்கலையே, இபு."

"உன்னையா? என் மக தனியாக் கெடக்கக் கூடாதுன்னு பேசினேன். நீ என்ன பெரிய சுல்தானா?"

அவன் நகரவில்லை. "ஊரே நம்மளக் காட்டிக் குடுக்கும்னு ஜாத்மிகோ சொல்லிட்டே இருப்பார். முதல் ஆள் உன் மாமியார்தான்னுவார்."

"என்னைப் பத்தி அந்தப் பயலுக்கு என்ன தெரியும்!"

இம்ரோன் குரலைத் தாழ்த்தினான். "சூளையில வெடிமருந்துப் பை ஒண்ணு இருக்கு. என்னை வச்சுக்கச் சொன்னார். மாட்டேன்னுட்டேன். போலீஸ்ல சொன்னா வகுப்புக்கு வந்த அத்தன பசங்களையும் அடிச்சு நொறுக்கிடுவாங்கன்னு பேசாம இருந்தேன்."

துமினா மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தாள். "ஏறு மாப்பிள."

காவல் நிலையத்தில் இம்ரோன் வாய் திறக்குமுன் அவள் பேசினாள்.

"ஒரு ஆளு, ஒரு பை, ஒரு எடம், அதோட நிக்கணும். இவன் தானா சொல்ல வந்தவன். கையில விலங்கு விழக் கூடாது. அந்தப் பசங்க வீட்டுக் கதவ உதைச்சீங்கன்னா, நாளைக்கு எவன்கிட்ட பை இருந்தாலும் ஒருத்தனும் உங்ககிட்ட வந்து சொல்ல மாட்டான். யோசிச்சு முடிவு பண்ணுங்க."

சிஹோம்பிங் காலால் ஒரு நாற்காலியை இம்ரோன் பக்கம் தள்ளினார். "உக்காரு. மெதுவாச் சொல்லு."

ஜீப் ஒன்றே ஒன்று சூளைக்குப் போனது. பையோடும் ஜாத்மிகோவோடும் திரும்பி வந்தது. துமினா பெஞ்சை விட்டு எழவில்லை.

"இன்னும் வாக்குமூலம் எழுதி வாங்கணும், நேரமாகும். நீங்க வீட்டுக்குப் போங்க இபு" என்றான் ஒரு காவலன், டீயை நீட்டி.

"மருமகன் இல்லாமப் போனா என் மக கதவத் திறக்க மாட்டா. டீயில சக்கரை பத்தல, இன்னொண்ணு போட்டு வா."

பொழுது சாய்ந்தபோது இம்ரோன் வெளியே வந்தான். கையில் விலங்கு இல்லை. துமினா அதற்குப் பிறகுதான் எழுந்தாள்.