மண்டபம் கேட்டது யார்?

எனக்கு ஐப்பசியில் நிச்சயம் ஆனது. கல்யாணத்தை வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி, விவசாயக் காட்டுக்குள்ளேயே எங்கள் வீடு. அப்பா இரண்டு ஏக்கரில் சின்ன வெங்காயமும் கடலையும் போடுவார். அம்மா இரண்டு மாடு வைத்திருந்தாள். நான் நாமக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். மாப்பிள்ளைக்கு ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டர். அவருக்கு அப்பா இல்லை. அம்மா மட்டும்தான்.

நிச்சயத்தன்று சாப்பாடு முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது தரகர், "கல்யாணம் மண்டபத்துலதானுங்களே?" என்று பொதுவாகக் கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை. "பின்னே? ஒரே பொண்ணு. மண்டபத்துலதான்" என்றார். மாப்பிள்ளையின் அம்மா, "அப்படியே பண்ணீருங்கண்ணா. அதுக்கு ஏத்த மாதிரி நாங்களும் செஞ்சர்றோம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அந்த ஒரு நிமிடப் பேச்சுக்காக எங்கள் வீட்டில் எல்லாமே மாறியது.

நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு பெரிய மண்டபத்தை அப்பா பார்த்து வைத்தார். அட்வான்ஸ் கட்ட வேண்டும். வெங்காயம் இன்னும் நிலத்தில் இருந்தது. கார்த்திகை பிறந்ததும் என் ஸ்கூட்டியை விற்றோம். நான்தான் விற்கச் சொன்னேன். வாங்கிப் போனவர் கண்ணாடியைத் திருகிச் சரிசெய்துகொண்டு கிளம்பியபோது அப்பா மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வேலைக்குப் பஸ்ஸில் போனேன். புதுச்சத்திரத்தில் நின்றால் நாமக்கல்லுக்கு நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும். ஆனால் பெண்களுக்கு டிக்கெட் இல்லாதது டவுன் பஸ்ஸில் மட்டும்தான். அது ராசிபுரத்திலிருந்து ஏழே காலுக்கு வரும். கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். நான் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் உட்கார்ந்து காலைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரர்கள் சாம்பிராணி காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மத்தியானத்துக்கும் வீட்டிலிருந்தே சோறு. நாலு மணிக்கு எல்லாரும் சேர்ந்து டீக்கும் போண்டாவுக்கும் போவோம். ஆளுக்கு ஒரு நாள் காசு கொடுப்பது வழக்கம். அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல், வயிற்றில் புண் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகப் பொய் சொன்னேன். சேலைப் பிரிவில் இருந்த அக்கா ஒருவர் அதை நம்பி, தினமும் எனக்காக ஒரு பாட்டில் மோர் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார். அந்த மோரைக் குடிக்கும்போதெல்லாம் எனக்குக் கூசும். ஆனால் நல்ல மோர். கறிவேப்பிலை கிள்ளிப் போட்டிருப்பார்.

வீட்டில் அம்மா பாலை ஒரு சொட்டு விடாமல் சொசைட்டிக்கு ஊற்றினாள். நாங்கள் மூன்று பேரும் வரக்காப்பி குடித்தோம். தீபாவளிக்கு எனக்கு மட்டும் ஒரு சுடிதார் எடுத்ததோடு சரி. பொங்கலுக்குச் சுண்ணாம்பை நானும் அம்மாவுமே அடித்தோம். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இன்னும் சொல்லப்போனால் அந்த மாதங்களில் வீட்டில் ஒரு சண்டைகூட வந்ததில்லை. ஆனால் அப்பா இளைத்துப் போனார். மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தை எதிர்பார்க்கிறார்கள், அதில் குறை வைக்கக் கூடாது என்று அடிக்கடி சொல்வார்.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசுவார். அதுவும் குறைந்தது. பட்டறையில் ஞாயிறும் வேலை எடுத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "அம்மாவுக்கு ரிசப்ஷன் பெருசா வைக்கோணும்னு ஆசை" என்றார். நான் அதை அப்பாவிடம் சொல்ல, அவர் இன்னும் கவலைப்பட்டார்.

தை மாதத்தில் ஒரு நாள் டவுன் பஸ் பாதி வழியில் பஞ்சர் ஆகி நின்றது. எல்லாரும் இறங்கினோம். மேம்பாலத்துக்கு அடியில் மட்டும்தான் ஒதுங்க இடம். அங்கே போய் நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மா சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, கையில் ஒயர் கூடையோடு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவரைத் தினமும் அந்த பஸ்ஸில் பார்ப்பேன். எப்போதும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருப்பார். நாலு நிறுத்தம் தள்ளி ஒரு கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் இறங்குவார். கூட இறங்கும் பெண்கள் அவரை அக்கா என்று கூப்பிடுவார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நடத்துநர், அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகக் கத்தினார். சத்தம் கேட்டு அந்த அம்மா திரும்பினார். மாப்பிள்ளையின் அம்மா.

எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. என் செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தேன். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"வாங்கத்தை" என்றேன்.

"ஆமாஞ்சாமி" என்றார். பிறகு இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்கூட்டி என்னாச்சு சாமி?" என்றார்.

"சர்வீசுக்கு உட்டுருக்குதுங்கத்தை."

"ரெண்டு மாசமாவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் கண்ணும் கலங்கிவிட்டது. "வித்துட்டோமுங்க. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டோணும்னு."

அத்தை தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "நீ ஏறுன மொத நாளே நான் பாத்துட்டேன். எங்கே நீ என்னையப் பாத்துருவியோன்னு திரும்பியே பாக்கலை. பண்ணையில முட்டை பொறுக்கற வேலை. எம்பையனுக்குக்கூடத் தெரியாது. அவன் ஆறு மணிக்குப் பட்டறைக்குப் போனா, இருட்டுனதுக்கு அப்புறந்தான் ஊட்டுக்கு வாரான். நான் அதுக்கு முன்னால போயி, குளிச்சுச் சேலை மாத்திக்குவேன்."

"எதுக்குங்கத்தை?"

"எதுக்கா? உங்கப்பா மண்டபம் வேணும்னு சொல்லிட்டாரு. அத்தனை பெரிய மண்டபத்துல பொண்ணு கழுத்துல நூலாட்டம் ஒரு சங்கிலி போட்டு நிறுத்த முடியுமா? ரிசப்ஷன், மேடை, எல்லாம் அதுக்குத் தக்கன பண்ணோணுமல்ல?"

"நீங்கதான் மண்டபம் எதிர்பாக்கறீங்கன்னு அப்பா சொன்னாருங்க."

"நானா? நான் எப்பச் சாமி கேட்டேன்?"

இரண்டு பேரும் நிச்சயத்தன்று நடந்த பேச்சை ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தோம். தரகர் கேட்டார். அப்பா பின்னே என்றார். அத்தை சரி என்றார். தரகரும் சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். மண்டபம் வேண்டும் என்று யாருமே நினைக்கவில்லை. அத்தை சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது. அதில் கூட்டம், ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போனோம்.

மறுநாளிலிருந்து அத்தை ஒயர் கூடையைச் சீட்டில் வைத்து எனக்கு இடம் போட்டு வைத்தார். கல்யாணத்தை எப்படி நடத்துவது என்பதை அந்த பஸ்ஸில்தான் இரண்டு பேரும் பேசி முடித்தோம். முகூர்த்தம் எங்கள் ஊர் முருகன் கோயிலில். சாப்பாடு எங்கள் களத்தில் பந்தல் போட்டு. ரிசப்ஷன் வேண்டாம். பத்திரிகை பெரியவர்களுக்கு மட்டும் அச்சடித்து நேரில் கொடுப்பது, மற்றவர்களுக்குப் போனில் அனுப்புவது. முகூர்த்தச் சேலையை இளம்பிள்ளையில் தறிக்காரர் வீட்டிலேயே போய் எடுக்கலாம் என்றார் அத்தை. "எங்க கடையில எனக்குக் கழிவு உண்டுங்க" என்றேன். "கழிச்சாலும் கடை கடைதான். நீ பில்லுப் போடற ஆளு, உனக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியும்.

அப்பாவிடம் யார் சொல்வது என்பதுதான் பிரச்சினை. நான் சொன்னால் அவருக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைப்பார். "நானே வாரேன்" என்றார் அத்தை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொன்னபடி வந்தார். நல்ல சேலை, தலையில் பூ. அப்பா அவசரமாகச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அம்மா முறுக்குத் தட்டை வைத்தாள். அத்தை சுற்றி வளைக்காமல், "ஏனுங்கண்ணா, மண்டபம் எங்களுக்கு வேண்டாமுங்க. கோயில்ல வெச்சுக்கலாம்" என்றார்.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "எங்களால முடியாதுன்னு நெனைச்சுட்டீங்களாட்டம் இருக்குது."

"அப்படி இல்லீங்கண்ணா."

"பொறகென்னங்க? நாலு பேரு முன்னால சொல்லிட்டேன். அட்வான்சும் கட்டியாச்சு. இப்ப வேண்டாம்னா ஊருல என்ன பேசுவாங்க? பொண்ணு ஊட்டுக்காரன் பின்வாங்கிட்டான்னுதான் பேசுவாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அத்தை முறுக்குத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. கூண்டுக் கம்பி கீறிய கோடுகள் மணிக்கட்டு வரை இருந்தன.

"மூணு மாசமா கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கறேனுங்கண்ணா. நீங்க மண்டபம்னு சொன்னதுக்கு ஈடா நிக்கோணும்னு. பையனுக்கு நேத்துத்தான் சொன்னேன். சோறுகூடத் திங்காம படுத்துட்டான். எனக்கு வேலை செய்யறது சங்கடமில்லீங்க. ஒளிஞ்சு ஒளிஞ்சு செய்யறதுதான் முடியலை. உங்களுக்கு முடியும். எனக்கு முடியாதுங்க. எனக்காக உட்ருங்க."

தனக்கு முடியாது என்று சொல்லித்தான் அப்பாவை அவர் மீட்டார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்பா அத்தையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "எம்புள்ளையோட வண்டியை வித்துத்தானுங்க அட்வான்ஸ் கட்டுனேன்" என்றார்.

"தெரியுங்கண்ணா" என்றார் அத்தை.

"தெரியுமா?" அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ரொம்ப நாள் கழித்துத் தூங்கி எழுந்தவர் முகம் போல இருந்தது. அம்மாவிடம், "பாலு ஊத்திக் காப்பி போடு" என்றார்.

மறுநாள் அப்பா மண்டபத்துக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அட்வான்சில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா அதற்கு வருத்தப்படவில்லை. வாசலில் கட்டிலைப் போட்டு மத்தியானம் முழுக்கத் தூங்கினார். அன்று இரவு மாப்பிள்ளை போன் செய்தார். இனிமேல் பண்ணைக்குப் போக வேண்டாம் என்று அம்மாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். கேட்கவில்லையாம். "சரின்னு சாயந்திரம் பட்டறையில சொல்லிட்டு, பண்ணை கேட்டுக்கே போயிக் கூட்டிட்டு வந்தேன். கூட வேலை செய்யறவங்க எல்லாரையும் அம்மா இன்னாருன்னு சொல்லிக் காட்டுச்சு. இத்தனை பேரு எங்கம்மாவுக்குச் சிநேகிதம்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றார்.

மாசியில் வெங்காயம் எடுத்தோம். கல்யாணச் சமையலுக்கு வேண்டியதை மட்டும் வெங்காயப் பட்டறை போட்டுக் காற்றாட வைத்துவிட்டு மீதியை விற்றார் அப்பா. இளம்பிள்ளையில் எனக்கு அரக்கு நிறத்தில் சேலை எடுத்தார்கள். கடையில் மோர் கொண்டுவந்த அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம், "அதை மொதல்லயே சொல்லியிருந்தா நாங்களும் டீயை நிறுத்தியிருப்போமில்ல" என்று திட்டினார்.

வைகாசியில் கோயிலில் தாலி கட்டி முடித்து, களத்தில் முதல் பந்தி உட்கார்ந்தது. இரண்டாம் பந்திக்கு இலை போடும்போது இடி இடித்து மழை பிடித்துக்கொண்டது. பந்தல் ஓலையெல்லாம் ஒழுகியது. சாம்பார் வாளி, சோற்றுக் கூடை, இலைக்கட்டு எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்காரரின் டிராக்டர் ஷெட்டுக்கு ஓடினோம். வாழப்பாடியிலிருந்து வந்திருந்த அப்பாவின் சித்தப்பா ஒருவர், கலப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபடி, "ஒரு மண்டபம் புடிச்சிருக்கலாமேப்பா" என்றார். அப்பா அவர் இலைக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். "புடிச்சோமுங்க. நல்லால்லைன்னு உட்டுட்டோம்" என்றார். அந்தப் பந்தியே சிரித்தது.

மிச்சமானதை வைத்து நாமக்கல்லில், அவர் பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு வாடகைக்குப் பிடித்தோம். அத்தையையும் வந்து இருக்கச் சொன்னோம். வரவில்லை. பண்ணை வேலையையும் விடவில்லை. வேலை பழகிவிட்டது என்றார். அதற்கடுத்த கார்த்திகையில், பண்ணைப் பெண்களோடு வேன் பேசி ராமேஸ்வரம் போய்விட்டு வந்தார். அதுவரை அவர் கடலைப் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உட்கார்ந்து, சோறு ஆறிப்போகும் வரை கடலைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். காலடியில் மணல் நழுவியதும் பயந்துபோய்ப் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாதாம். கையை விடாமல், இரண்டு பேரும் சேர்ந்தே முழுகி எழுந்தார்களாம்.