முழங்கையில் புளியங்கொட்டை அளவு இடம்

மகளுக்கு ஆறு மாதம். பால் குடிக்கும்போது அவள் கை சும்மா இருக்காது. தாலிக்கயிற்றைப் பிடித்து இழுப்பாள், அதை விட்டால் என் கையைப் பிறாண்டுவாள். அன்று சாயங்காலம் குடித்து முடித்தவளைத் தோளில் போடும்போது அவள் சட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. பதறிப்போய்ப் பிள்ளையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை. ரத்தம் என் முழங்கைக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் துளிர்த்திருந்தது. அவள் நகம் கிழித்திருக்கிறது.

எனக்கு வலிக்கவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டேன் என்று சொல்லவில்லை, கிழிபட்டதே தெரியவில்லை. அந்த நொடியில்தான் தோன்றியது, அது திரும்பி வந்துவிட்டதோ என்று.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது கயத்தாற்றில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வந்தார். எல்லார் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே வந்தவர் என் முழங்கையில் இருந்த வெளிறிய தேமலைப் பார்த்து நின்றார். பஞ்சைத் திரியாக்கி அதன் மேல் தொட்டார், தொட்டது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அம்மாவை வரச்சொல்லி, தொழுநோயின் தொடக்கம்தான், மாத்திரையில் தீர்ந்துவிடும் என்றார். மூன்று வருசம் விழுங்கினேன். மாத்திரைப் பொட்டலத்தை அம்மா வற்றல் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு மாத்திரையும் மிளகாய் நெடியோடுதான் இறங்கும். அப்பா கேட்டால் சத்து மாத்திரை.

கடைசி நாளில் அந்தப் பணியாளர் மறுபடி பஞ்சால் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு, தொட்ட இடத்தையெல்லாம் விரல் வைத்துக் காட்டினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. பரீட்சையில் நூறு வாங்கியவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். குணமாகிவிட்டது என்றார். பிள்ளை பெற்று பால் கொடுக்கிற காலத்தில் மட்டும் உடம்பைக் கவனித்துக்கொள், சிலருக்கு அப்போது திரும்பும் என்றும் சொன்னார். பதினெட்டு வயதில் யார் இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்வார்கள்? அம்மா மனசில் வைத்துக்கொண்டது வேறு. கல்யாணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளை வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

மாப்பிள்ளை வீடு பசுவந்தனைப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். நான் பி.எஸ்சி. விலங்கியல் படித்த மருமகள். தேளைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்து எத்தனை கணு என்று எண்ணியதற்காக வந்த முதல் மாதமே பேர் வாங்கியவள். எதையும் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் எனக்கு. இதையும் அப்படித்தான் நினைத்தேன். அது பருத்தி எடுக்கிற மாசி மாதம், வீட்டில் நடக்க இடமில்லாமல் பருத்தி குவிந்து கிடந்தது. ஒரு சுளை பிய்த்துத் திரித்து, கதவைச் சாத்திக்கொண்டு என் கையை நானே தொட்டுப் பார்த்தேன். தெரிகிற மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். அப்போதும் தெரிகிற மாதிரி இருந்தது. ஐந்து நாள் காலையும் மாலையும் தொட்டு நோட்டில் குறித்தேன். எல்லாம் ‘தெரிகிறது’. ஆனால் பிள்ளையின் நகம் மட்டும் தெரிவதில்லை.

ஐந்தாம் நாள்தான் உறைத்தது. பஞ்சைப் பிடித்திருக்கும் என் வலது கைக்கு எப்போது தொடப்போகிறோம் என்று தெரியுமே! அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இந்தச் சோதனையைத் தன்னந்தனியாகச் செய்ய முடியாது. இன்னொரு கை வேண்டும். அந்தக் கைக்கு ஏன், எதற்கு என்று சொல்லியாக வேண்டும்.

அதற்குத் துணிச்சல் வரவில்லை. தடுப்பூசிச் சாக்கில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி, அப்படியே நூலகத்துக்குள் நுழைந்தேன். இருந்தது ஒரே ஒரு பழைய மருத்துவப் புத்தகம், அட்டை போனது. இந்த நோய் உள்ள தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்துவிடுவது நல்லது என்று அதில் போட்டிருந்தது. எந்த வருசத்துப் புத்தகம் என்று திருப்பிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலை என் இடது முழங்கையில்தான் இருந்தது. சட்டென்று வலது பக்கம் மாற்றிக்கொண்டேன்.

பஸ் ஏறும் முன் ஒரு டப்பா பால்பவுடரும் இரண்டு முழம் மல்லிகையும் வாங்கினேன். மாரில் மல்லிகை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று பெண்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். யாருக்கு, எப்போது அப்படிக் கட்டுவார்கள் என்று கேட்டுக்கொண்டதில்லை. பூவை ஜாக்கெட்டுக்குள் வைத்து மேலே துணியால் இறுக்கிக் கட்டினேன். பவுடரைக் கரைத்துச் சங்கில் புகட்டினால் மகள் கொப்புளித்துத் துப்பினாள். என் வாசம் அறிந்து சேலையை முட்டினாள். இரண்டு நாளில் மார் கல்லாகக் கனத்தது, காய்ச்சல் அடித்தது. நோய்க் காய்ச்சலா பால் காய்ச்சலா என்று அதற்கும் ஒரு பயம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அத்தை, என் மாமியார், பருத்திக்குச் சாக்கு எடுக்க அறைக்குள் வந்தாள். நான் பழைய பூவை அவிழ்த்துப் புதுப்பூ வைத்துக்கொண்டிருந்தேன். நின்று பார்த்தாள். என் தலையில் பூ இல்லை என்பதையும் பார்த்தாள்.

“ஏட்டி, என்ன காரியம் பண்ணுத? பிள்ளை செத்தவளுக்குத்தாம்ட்டி மாருல பூக் கட்டுவாவ. எம் பேத்தி இங்கன முழுசாக் கெடக்கா.”

படிப்பு அது இது என்று அத்தை மேலும் ஏதேதோ சொன்னாள், எதுவும் காதில் ஏறவில்லை. தொட்டிலில் மகள் அழுது அழுது தொண்டை கம்மிப்போயிருந்தாள்.

அத்தை புஞ்சைக்கு ஆள் அனுப்பிவிட்டாள். என் வீட்டுக்காரர் தலையில் கட்டிய துண்டோடு, காலில் மண்ணோடு வந்து நின்றார். என்னவென்று கேட்டார். சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஒரு பஞ்சுத் திரியை அவர் கையில் கொடுத்தேன். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், இந்தக் கையில் எங்காவது தொடுங்கள், தொட்டது தெரிந்தால் விரல் வைத்துக் காட்டுவேன், காட்டாத இடத்தைப் பேனாவால் குறியுங்கள் என்றேன். தேள் சோதனை மாதிரி இன்னொன்று என்று நினைத்தாரோ என்னவோ, எதிரே உட்கார்ந்தார்.

மணிக்கட்டில் தொட்டார், காட்டினேன். தோளில் தொட்டார், காட்டினேன். அப்புறம் நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஏன் தொடாமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“தொட்டுக்கிட்டேதான் இருக்கேன்” என்றார்.

கண்ணைத் திறந்தேன். முழங்கைக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு நீல மைப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன், வற்றல் பானையைச் சொன்னேன், அம்மா வாங்கிய சத்தியத்தையும் சொன்னேன்.

“கல்யாணத்துக்கு முன்னயே சொல்லிருக்கலாம்லா” என்றார்.

“சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?”

தலைத் துண்டை அவிழ்த்தார். “தெரியல” என்றார்.

எழுந்து போய்விட்டார். சாப்பிடவும் இல்லை. சன்னல் வழியே பார்த்தேன். அறுவடை முடிந்த கம்பங்காட்டில், நிழலே இல்லாத இடத்தில், துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். கட்டியிருக்கவே மாட்டேன் என்று சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அந்த ‘தெரியல’வை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். தரையில் கிடந்த திரியை எடுத்து என்னிடம் நீட்டினார். சட்டைக் கையை மடக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“எனக்கும் பாரு.”

பார்த்தேன். இரண்டு கையும், இரண்டு காலும், முதுகும். எல்லாவற்றையும் சரியாகக் காட்டினார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து தொட்டில் பக்கம் போய் மகளின் உடம்பு முழுவதையும் பார்த்தோம். பஞ்சு பட்ட இடமெல்லாம் கூசி நெளிந்தாள்.

“பால் குடுக்கலாமா, கூடாதா?” என்று கேட்டார். புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். “அந்தப் புஸ்தகம் ஒன்னயப் பாத்துச்சா?” என்றார். “ஒன் கையப் பிடிச்சுப் பாத்தவரு கயத்தாத்துல இருக்காருல்லா. அவருகிட்ட கேப்போம்.”

பூவை அவிழ்த்துப் போட்டுவிட்டு மகளை எடுத்துக்கொண்டேன். சரியா தப்பா என்று இன்னும் தெரியாது. கட்டியிருந்த பால் வலித்துக்கொண்டே இறங்கியது, அவள் மூச்சு விடாமல் குடித்தாள். அவள் கை வழக்கம்போல முழங்கைக்குப் போனது. இந்த முறை அதை எடுத்து என் கழுத்தில் வைத்தேன். அங்கே நன்றாகத் தெரிந்தது.

நடந்து நான்கு நாளாகிறது. நாளைக்கு வியாழக்கிழமை, கயத்தாற்றில் மாத்திரை கொடுக்கிற நாள். அதே ஆள்தான் இன்னும் வருகிறாராம், என் வீட்டுக்காரர் விசாரித்து வந்துவிட்டார். கேட்க வேண்டியதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். திரும்பிவிட்டதா, பால் கொடுக்கலாமா, மாத்திரை பாலில் இறங்குமா, இறங்கினால் பிள்ளைக்கு என்ன செய்யும்? கூடாது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் என்ன கேட்பது என்று மட்டும் எழுத வரவில்லை.

ஆனால் பஸ் ஏறும் முன் அத்தையிடம் சொல்லியாக வேண்டும். நான் சொல்லிக்கிடுதேன் என்கிறார் அவர். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றிருக்கிறேன். விடிந்ததும் அத்தை பருத்தியில் சருகு பொறுக்க உட்காருவாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு சுளையைத் திரித்து அவள் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிப் பார்க்கப்போகிறேன்.