குடை வைக்கும் குண்டு

மொர்வில் கிராமத்தில் இவெத் கோத்ரோன் வீட்டுக்குப் போனால் முதலில் காலில் இடிப்பது ஒரு பீரங்கிக் குண்டுதான். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருப்பாள். ஜன்னலில் செடி வளர்வது இன்னொன்றில். வாசலுக்கு உள்ளே முழங்கால் உயரத்துக்குக் குண்டுகளின் காலிப் பித்தளைக் கூடுகள் இரண்டு ஜோடியாக நிற்கும். ஒன்றில் குடைகள், மற்றதில் அவள் புருஷன் ஆன்செல்மின் தூண்டில் கழிகள். எல்லாம் முதல் உலகப் போரில் இரண்டு பட்டாளமும் மாறி மாறி இந்த வயல்களில் கொட்டிவிட்டுப் போனவை. இன்றைக்கும் பீட்ரூட் போட உழுதால் நாலு குண்டு கிளம்பும். காலியாக இருந்தால் வீட்டுக்கு, கனமாக இருந்தால் மின்கம்பத்தடிக்கு. ஒரு போன் போட்டால் வெடிகுண்டு நிபுணர்கள் வேனில் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அந்த ஊரில் இதற்கெல்லாம் யாரும் அலட்டிக்கொள்வதில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஆங்கிலேயச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம். வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக நிற்கும்.

"நல்ல அக்கம்பக்கம்," என்பாள் இவெத். "ரேடியோவை அலற விடமாட்டாங்க. கோழி காணாமப் போச்சுன்னு சண்டைக்கு வரமாட்டாங்க."

அவளுக்கு ஆகாதவர்கள் பஸ்ஸில் கல்லறை பார்க்க வருகிறவர்கள்தான். வருவார்கள், கல்லைத் தடவுவார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள், அப்புறம் அவள் கதவைத் தட்டிக் கக்கூஸ் எங்கே என்று சைகையில் கேட்பார்கள். திட்டிக்கொண்டே திறந்து விடுவாள். திட்டிக்கொண்டே தண்ணீரும் கொடுப்பாள். அவர்களுக்கு அவள் பாஷை தெரியாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

கல்லறைத் தோட்டத்தின் பின்சுவரைத் தாண்டினால் ஓடைக்கரையில் ஓர் அக்ரூட் மரம், அதனடியில் ஒரு பெஞ்சு. இடம் பஞ்சாயத்துடையது, பெஞ்சு ஆன்செல்ம் அடித்தது. கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலம் ஆனால் இருவரும் ஒரு பாட்டில் ஆப்பிள் மதுவோடு அங்கே போய் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். அவன் தூண்டில் போடுவான், மீன் கிடைக்காது. மீனுக்கே உன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்பாள் இவள். இப்படியே ஓர் ஆயுசு போயிற்று.

ஆன்செல்ம் சாகக் கிடந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"இவெத், என்னை அந்த லெயோன்ஸ் பக்கத்துல மட்டும் போட்டுடாத."

லெயோன்ஸ் அவனுடைய அண்ணன். இரண்டு பேருக்கும் பொதுவான டிராக்டரைக் கேட்காமல் விற்றவன். அன்றைக்கு நின்ற பேச்சு, லெயோன்ஸ் செத்து மாதாகோயில் குடும்பக் கல்லறைக்குப் போகும்வரை திரும்பவில்லை. ஆன்செல்முக்கும் அதே கல்லறையில்தான் இடம்.

"செத்தப்புறம் யாருய்யா உன்கிட்ட பேசப்போறாங்க? மாத்திரையை முழுங்கு," என்றாள்.

ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். எரித்துச் சாம்பல் வாங்கிவந்தாள். ஆற்றில் கரைத்துவிட்டேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னாள். தூண்டில் கழிகளை எடுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பித்தளைக் கூட்டில் ஆன்செல்மைக் கொட்டினாள். மழை இறங்கக்கூடாதே என்று சமையலறைத் தகரப் புனலை அதன் வாயில் கவிழ்த்துச் சுற்றிலும் நுனித் துளையிலும் சிமெண்டு பூசினாள். விடிகாலையில் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போய் அக்ரூட் மரத்தடியில் புதைத்தாள். பொது இடத்தில் இப்படிப் புதைப்பது சட்டப்படி குற்றம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தால் தோண்டி எடுத்து லெயோன்ஸ் பக்கத்தில்தான் வைப்பார்கள் என்பதும் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருஷம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு மேயருக்கு ஒரு யோசனை தோன்றியது. மேயர் வேறு யாருமில்லை, லெயோன்ஸின் மகன் ரெஜி. சட்டை இஸ்திரி கலையாத பிள்ளை.

"பஸ்ஸுங்க நிறுத்த இடமில்ல சித்தி. அந்த மரத்தை எடுத்துட்டு ஜல்லி கொட்டப்போறோம்."

"உங்கப்பன் டிராக்டரை வித்தான், நீ மரத்தை வெட்டறியா? குடும்பத்துக்கே கை சும்மா இருக்காதாடா?"

"பழைய கதையெல்லாம் இப்ப எதுக்கு? வேணும்னா பெஞ்சை உங்க வாசல்ல கொண்டுவந்து போடச் சொல்றேன்."

 இவெத் உண்மையைச் சொன்னால் ஆன்செல்ம் லெயோன்ஸ் பக்கம், சொல்லாவிட்டால் ஜல்லிக்கு அடியில். ராத்திரி போய்த் தோண்டிவிடலாம் என்றால் முட்டி மடங்காது. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுத்தாள். அதற்குள் பொக்லைன் வந்துவிட்டது.

முதலில் பெஞ்சைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். மரத்தின் வேரைச் சுற்றி இரண்டு வாளி மண் அள்ளியதும் வண்டிக்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான். பள்ளத்தில் பச்சை பூத்த பித்தளை, மேலே கூம்பாக மூக்கு. பார்த்தவன் எவனும் வேறு எதையும் நினைக்கமாட்டான்.

வேறு நாளாக இருந்தால் இரண்டு பேர் தூக்கிக் கம்பத்தடியில் வைத்திருப்பார்கள். அன்றைக்குப் பார்த்து ஒரு பஸ் நிறைய ஆங்கிலேயர்கள் கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ரெஜிக்கு வீராவேசம் வந்துவிட்டது. யாரும் கிட்ட வராதபடி எச்சரிக்கை நாடா கட்டினான், எல்லாரையும் சுவரோரம் தள்ளினான், நிபுணர்களுக்குப் போன் போட்டான். வந்தவன் லூதோவிக். பல வருஷமாக இவெத் வீட்டில் காபி குடித்துவிட்டுக் குண்டு அள்ளிப் போகிறவன். பள்ளத்தில் குனிந்து பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"இந்த மாதிரி மூக்கு நான் பாத்ததே இல்ல. கொண்டுபோய் மத்ததோட சேர்த்து வெடிக்க வெச்சிட வேண்டியதுதான்."

அதைக் கேட்டதும் இவெத் நாடாவுக்கு அடியில் நுழைந்து வீட்டுச் செருப்போடு ஓடினாள். முட்டி அன்றைக்கு எப்படி மடங்கியதோ!

"இவெத்தம்மா! கிட்ட வராதீங்க, செத்துப்போயிடுவீங்க!"

"அவரு ஏற்கெனவே செத்தாச்சுடா! அது குண்டு இல்ல, என் வீட்டுக்காரர்!"

லூதோவிக் அவளைப் பார்த்தான், குண்டைப் பார்த்தான்.

"அந்த மூக்கு?"

"என் புனல்."

அவன் மெதுவாக மண்டியிட்டு, சிமெண்டைத் தட்டி எடுத்து, புனலை நகர்த்தி உள்ளே பார்த்தான். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டான். ஆன்செல்ம் கையால் காபி வாங்கிக் குடித்தவன் அவன்.

சுவரோரம் நின்ற ஆங்கிலேயர்களுக்கு அது போதுமாக இருந்தது. இந்தப் பக்கத்தில் தோண்டினால் சிப்பாய்களின் எலும்பு கிடைப்பதும் சகஜம்தானே! இன்னொரு வீரன் அகப்பட்டுவிட்டான் என்று நினைத்து வரிசையாக நின்று தொப்பிகளைக் கழற்றினார்கள். ஒரு கிழவர் நாடாவைத் தாண்டி வந்து, போரில் இறந்தவர்கள் நினைவாக வைக்கும் காகிதச் செம்பூ ஒட்டிய சின்ன மரச்சிலுவையைப் பள்ளத்து ஓரத்தில் குத்தினார். யாரோ போனில் அஞ்சலி எக்காளம் ஒலிக்கவிட்டார்கள். எல்லாரும் தலைகுனிந்து மௌனமாக நின்றார்கள். மேயர் என்ற முறையில் ரெஜியும் விறைப்பாக நிற்க வேண்டியதாயிற்று.

"சித்தி," என்று உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தான். "இது சட்டப்படி தப்பு."

"வாயை மூடுடா. உங்க சித்தப்பாவுக்கு மரியாதை நடக்குது."

தட்டைப் பாதம் என்று பட்டாளத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன் ஆன்செல்ம். துப்பாக்கியைக் கண்டால் முயலுக்கு முன்னால் ஓடுகிறவன். இதை நினைத்ததும் இவெத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள். பொத்திய சிரிப்பு எப்படியோ அழுகையாகிவிட்டது. சாவுக்கு அழாதவள், ஊரே கல்நெஞ்சக்காரி என்று சொன்னவள், முன்பின் தெரியாத அத்தனை பேர் முன்னால் தோள் குலுங்க அழுதாள். "யோவ், நீ இல்லாம யார்கூடய்யா சண்டை போடறது?" என்று பள்ளத்தைப் பார்த்துக் கேட்டாள். செம்பூக் கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் ஏறுமுன் ஒவ்வொருவராக ரெஜியின் கையைக் குலுக்கினார்கள். அடுத்த வருஷம் பூவோடு இந்த மரத்தடிக்கே வருவோம் என்று மொழிபெயர்ப்பாளன் மூலம் சொன்னார்கள். மேயருக்கு முகம் வெளிறிவிட்டது. இனி இங்கே ஜல்லி கொட்டினால் பேப்பரில் வந்துவிடும்.

"எனக்குக் குண்டு எடுக்கத்தான் உத்தரவு," என்றான் லூதோவிக். "இங்க குண்டு எதுவும் இல்ல. நான் கிளம்பறேன்." போகும்போது இவெத்திடம் புனலைக் கொடுத்தான். "இன்னொரு தடவை இதை மட்டும் வெக்காதீங்கம்மா. தட்டை மூடி போதும்."

பெஞ்சு மரத்தடிக்குத் திரும்பியது. இவெத் கூட்டின் வாயில் ஒரு சட்டி மூடியைக் கவிழ்த்தாள், பொக்லைன் பள்ளத்தை மூடிவிட்டுப் போனது. சித்தியும் பிள்ளையும் மட்டும் மிஞ்சினார்கள். இஸ்திரிச் சட்டையெல்லாம் சேறாகி, ரெஜி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். 

"கேட்டியாடா, தட்டை மூடி," என்றாள் இவெத். "அந்த ஜோடியில இன்னொண்ணு வாசல்ல நிக்குது. அது எனக்கு. நீதான் வெக்கணும், இவருக்குப் பக்கத்துல."

ரெஜி தலையைக் குனிந்துகொண்டான். சட்டம் என்ற வார்த்தை அவன் தொண்டைவரை வந்ததை அவள் பார்த்தாள். அதை விழுங்கியதையும் பார்த்தாள்.

"அப்ப குடையெல்லாம் எங்க சித்தி வெக்கறது?" என்று கேட்டான்.